புள்ளியும் ஜபரும் இல்லாத அரபு எழுத்தை வாசிக்கப் பழகுவது எப்படி?

குர்ஆன் ஓத உட்காரும் பிள்ளை முதலில் சொல்வது இரண்டு வரி. ஒன்று 'அவூது'. அதன் கடைசிச் சொல் 'ரஜீம்', விரட்டப்பட்டவன், அதாவது ஷைத்தான். அடுத்தது 'பிஸ்மி'. அதன் கடைசிச் சொல் 'ரஹீம்', நிகரற்ற அன்புடையவன், அதாவது இறைவன். இந்த இரண்டு சொல்லிலிருந்தும் புள்ளிகளை எடுத்துவிட்டால் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான். ஜீமின் வயிற்றில் இருக்கும் ஒற்றைப் புள்ளி மட்டும்தான் வித்தியாசம்.

7ஆம் நூற்றாண்டில் அரபு எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தப் புள்ளியை வைக்கவில்லை. ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிர்க்குறிகளோ அப்போது பிறக்கவே இல்லை. அப்படியும் எழுதினார்கள், வாசித்தார்கள், கணக்கு வைத்தார்கள், வரி வசூலித்தார்கள். எப்படி முடிந்தது என்று மலைக்க வேண்டாம். 'பாவம்' என்று தமிழில் எழுதியிருந்தால் அது செய்த பாவமா, பரதநாட்டியத்தில் முகத்தில் காட்டும் பாவமா என்று நாம் திணறுவதில்லை. ஒரே 'ப' இரண்டு ஒலிக்கும் நிற்கிறது, எது என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லிவிடுகிறது. பழைய அரபுக்கு வேண்டிய திறமையும் இதேதான், அளவு மட்டும் பெரிது.

இந்தக் கட்டுரை, அரபு எழுத்து 28ம் தெரிந்து, உயிர்க்குறி போட்ட குர்ஆனை எழுத்துக்கூட்டியாவது ஓதத் தெரிந்தவர்களுக்கு. அந்த அளவு இல்லையென்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். குறுக்கு வழி கிடையாது. பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை: அரபின் பல எழுத்துகள் தமிழில் எழுதும்போது ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். அதனால் ஓதப்பள்ளி வழக்கப்படி பெரிய ஹா, சின்ன ஹா, பெரிய காஃப், சின்ன காஃப் என்றே சொல்கிறேன். பெரிய ஹா ஜீமைப் போன்ற உடல் கொண்டது. பெரிய காஃப் தலையில் இரண்டு புள்ளி கொண்டது.

முதல் படி: 28 எழுத்தை 18 வடிவமாகச் சுருக்குங்கள்

புள்ளியையும் குறிகளையும் கழித்துவிட்டால் மிஞ்சும் எலும்புக்கூட்டுக்கு அரபியில் 'ரஸ்ம்' என்று பெயர். ஒரு தாளை எடுத்து அந்த எலும்புக்கூட்டின் வடிவங்களை நீங்களே எழுதிப் பாருங்கள். அடுத்தவர் போட்ட அட்டவணையைப் பார்த்தால் மனதில் ஒட்டாது.

முதலில் 'பல்' குடும்பம். பா, தா, மூன்று புள்ளி ஸா, நூன், யா ஆகிய ஐந்தும் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி: கோட்டிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பல், அவ்வளவுதான். சொல்லின் கடைசியில்தான் இவை பிரியும். நூன் ஆழமான கிண்ணமாக இறங்கும். யா வளைந்து நெளிந்து முடியும். பா, தா, ஸா மூன்றும் தட்டையான படகாகப் படுத்துவிடும். வாசிப்பில் நீங்கள் படப்போகும் பாட்டில் பெரும்பங்கு இந்தப் பல்லால்தான் வரும்.

மற்றவை எளிது. ஜீம், பெரிய ஹா, கா மூன்றுக்கும் ஒரே வடிவம். பிறகு ஜோடிகள்: தாலும் புள்ளி வைத்த தாலும், ராவும் ஸாயும், ஸீனும் ஷீனும், ஸாதும் ளாதும், தோவும் ளோவும், ஐனும் கைனும். ஃபாவும் பெரிய காஃபும் தொடக்கத்திலும் நடுவிலும் ஒரே வளையம். கடைசியில் மட்டும் ஃபா தட்டையாக நீளும், காஃப் கீழே இறங்கும். யாரோடும் கூட்டுச் சேராமல் தனியாக நிற்பவை ஆறு: அலிஃப், சின்ன காஃப், லாம், மீம், சின்ன ஹா, வாவ்.

கூட்டிப் பாருங்கள். சொல்லின் கடைசி வடிவங்களையும் சேர்த்தால் 18 வரும். தொடக்கத்திலும் நடுவிலும் மட்டும் என்றால் 15தான்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, நினைவில் நிற்க உதவும். அரபு எழுத்து நபதேயர்களின் எழுத்திலிருந்து வளர்ந்தது. பெட்ரா நகரைப் பாறையில் குடைந்தார்களே, அவர்கள்தான். அவர்கள் கையாண்டது அரமேய எழுத்து, அதில் இருந்தது 22 எழுத்து. அரபு மொழியில் மெய்யொலி 28. மிஞ்சிய ஆறு ஒலிக்குப் புது எழுத்து உண்டாக்காமல், நெருங்கிய ஒலியின் எழுத்தையே இரட்டை வேலை வாங்கினார்கள். தாலும் புள்ளித் தாலும், ஐனும் கைனும் ஒரே வடிவமாக இருப்பது அதனால். பல் குடும்பத்தின் கதை வேறு. பா, நூன், யா, தா ஆகியவை நபதேய எழுத்தில் தனித்தனி உருவத்தோடு இருந்தவை. வேகமாகச் சேர்த்து எழுத எழுத எல்லாம் தேய்ந்து ஒரே பல்லாகிவிட்டன. கி.பி. 512இல் வடித்த ஜபத் கல்வெட்டு, 568இல் வடித்த ஹர்ரான் கல்வெட்டு, இரண்டும் சிரியாவைச் சேர்ந்தவை, இஸ்லாத்துக்கு முந்தியவை. அவற்றிலேயே இது அரபு எழுத்து என்று அடையாளம் தெரிகிறது.

இப்போது ஒரு கணக்கு. பல், பல், கடைசியில் படகு. மூன்றே எழுத்துள்ள ஒரு சொல். ஏட்டளவில் இதை 5 × 5 × 3, அதாவது 75 விதமாக வாசிக்கலாம். அவற்றில் உண்மையான சொற்களாக எளிதில் தட்டுப்படுபவை: பைத் (வீடு), பின்த் (மகள்), நபத (முளைத்தது), ஸபத (உறுதியாக நின்றது), துப்து (மனம் திருந்தினேன்). 75 என்ற எண்ணைக் கண்டு பயந்த மனம் ஐந்தாறு சொல்லைக் கண்டதும் கொஞ்சம் அமைதியாகும். 'மகளின் வீடு' என்று ஒரு வாக்கியம் வந்தால் அந்த ஐந்தாறும் ஒன்றாகிவிடும்.

இரண்டாம் படி: மனப்பாடமானதிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு, நேரே ஒரு பழைய ஏட்டின் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கூட்டத் தொடங்குவது. நானும் அதைத்தான் செய்தேன், கதை பின்னால் வருகிறது. இந்த எழுத்து எழுத்துக்கூட்டுபவருக்காக உண்டானது அல்ல. ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டத்தான் எழுதினார்கள். ஆகவே நீங்களும் 'ஏற்கெனவே தெரிந்தவர்' ஆக வேண்டும்.

'பிஸ்மி' வரியை எழுதிப் பாருங்கள். மொத்தம் 19 எழுத்து. அவற்றில் புள்ளி உள்ளவை மூன்றே மூன்று: முதலில் வரும் பா, 'ரஹ்மான்' முடிவில் நூன், 'ரஹீம்' நடுவில் யா. நான்கு புள்ளியை நீக்கினால் வரி 7ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறது. இப்போது உற்றுப் பாருங்கள். தொடக்கத்தில் பாவின் பல் ஒன்று, ஸீனின் பல் மூன்று, ஆக வரிசையாக நான்கு பல், பிறகு மீமின் முடிச்சு. நான்கும் ஒரே உயரமாக இருந்தால் எங்கே பா முடிகிறது என்று தெரியாது. அதனால்தான் எழுதுபவர்கள் முதல் பல்லை உயரமாக நீட்டிவிடுவார்கள். இன்றைக்கும் அழகெழுத்தில் பிஸ்மியின் பா நெடுநெடுவென்று நிற்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அடுத்து குர்ஆனின் முதல் சூராவான (அத்தியாயமான) ஃபாத்திஹா முழுவதையும் பென்சிலால் புள்ளியோடு எழுதி, ரப்பரால் புள்ளிகளையும் குறிகளையும் அழித்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து வாசியுங்கள். பிறகு மனப்பாடமாக இருக்கும் மற்ற சிறிய சூராக்கள். முஸ்லிம் அல்லாதவர், குர்ஆன் பரிச்சயம் இல்லாதவர் என்றால் அரபுப் பாடப்புத்தகத்தில் நன்றாகப் படித்த ஒரு பத்தியை வைத்து இதையே செய்யலாம். கணினியில் செய்ய விரும்புபவர்களுக்கு, புள்ளியில்லாத பா, ஃபா, காஃப், நூன், யா எல்லாம் யூனிக்கோடில் தனி எழுத்துகளாகவே இருக்கின்றன. ஆனால் என் அனுபவத்தில் கையால் அழிக்கும்போதுதான் கண் பழகுகிறது. ஒரு வாரமாவது இதிலேயே இருங்கள். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை.

மூன்றாம் படி: காணாமல் போன அலிஃப்

புள்ளி இல்லாதது ஒரு தொல்லை. இன்னொன்று பலருக்கு முதலில் புலப்படாது: 'ஆ' என்ற நெடிலுக்கான அலிஃப் நடுச்சொல்லில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பிஸ்மியிலேயே 'ரஹ்மான்' என்ற சொல்லில் மீமுக்கும் நூனுக்கும் இடையே அலிஃப் இல்லை. அச்சான குர்ஆனில் மேலே ஒரு குட்டிக் கோடு போட்டு நமக்கு உதவியிருப்பார்கள். பழைய ஏட்டில் அந்தக் கோடும் இருக்காது.

என் கதை இங்கேதான். ஒரு பழைய ஏட்டின் படத்தில், மேல் வரி சிதைந்து போயிருக்க, அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒரு சொல் மட்டும் தெளிவாக இருந்தது. அலிஃப், லாம், ஐன், லாம், மீம், ஒரு பல், கடைசியில் நூன் கிண்ணம். இல்ம் என்றால் அறிவு, அதன் இருமை வடிவம் 'இல்மைன்' என்று முடிவுகட்டி, 'இரண்டு அறிவு' என்றால் என்ன தத்துவமோ என்று ஒரு மாலை முழுக்க அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரவு தொழுகையில் 'ரப்பில் ஆலமீன்' என்று வாய் சொன்னபோதுதான் பொறி தட்டியது. அகிலங்கள் என்ற 'ஆலமீன்', அலிஃப் இல்லாமல் எழுதியிருக்கிறது. நாளுக்கு எத்தனையோ முறை வாயால் சொல்லும் சொல்லைக் கண்ணால் தெரிந்துகொள்ள முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் 1942இல் பெரிய சண்டை நடந்த எகிப்தின் அலமைன் ஊர்ப்பெயரையும் இதே எழுத்துகளால்தான் இன்றும் எழுதுகிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ஒரே எலும்புக்கூட்டில் அகிலங்களும் இருக்கின்றன, ஒரு போர்க்களமும் இருக்கிறது.

இதில் அடிக்கடி இடறும் சொல் 'கால' (அவன் சொன்னான்). அலிஃப் விடுபட்டால் பெரிய காஃபும் லாமும் மட்டும் மிஞ்சும். அப்படியே 'குல்' (நீ சொல்) என்ற கட்டளையும் அதேதான். குர்ஆனின் 21ஆம் சூரா 4ஆம் வசனத்தில் இந்தச் சொல்லைச் சில ஓதல் மரபுகள் 'கால' என்றும் சில 'குல்' என்றும் ஓதுகின்றன. ஃபாத்திஹாவில் 'மாலிகி யவ்மித்தீன்' என்று நாம் ஓதுவதை வேறு மரபுகளில் 'மலிகி' என்று ஓதுவார்கள். முன்னது தீர்ப்பு நாளின் உரிமையாளன், பின்னது அந்நாளின் அரசன். மீம், லாம், சின்ன காஃப் என்ற மூன்றெழுத்து இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

ஆகவே பழக்கம் ஒன்றை வளர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு சொல் பொருந்தாமல் முரண்டு பிடித்தால், முதலில் அதனுள் ஓர் அலிஃபைச் செருகிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும். தொண்டையில் சட்டென்று நிறுத்தும் ஒலியான ஹம்ஸாவுக்கும் அடையாளம் கிடையாது. 'முஃமின்' என்ற சொல் மீம், வாவ், மீம், நூன் என்றுதான் இருக்கும். வாவைக் கண்டதும் 'மூமின்' என்று வாசித்தால் தவறில்லை, மக்கா, மதீனா இருக்கும் ஹிஜாஸ் வட்டாரப் பேச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

நான்காம் படி: பிடிமானம் தேடுங்கள்

இனி மனப்பாடம் இல்லாத வரிக்கு வரலாம். இடமிருந்தோ வலமிருந்தோ வரிசையாகப் போகாதீர்கள். முதலில் வரி முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, சந்தேகத்துக்கே இடமில்லாத எழுத்துகளைப் பொறுக்குங்கள். நெட்டையாக இரண்டு கோடு அடுத்தடுத்து, இரண்டாவது மட்டும் இணைந்திருந்தால் பெரும்பாலும் அலிஃப்-லாம், அதாவது 'அல்'. அங்கே ஒரு பெயர்ச்சொல் தொடங்குகிறது. தனியாக நிற்கும் வாவ் 'மற்றும்' ஆக இருக்கலாம். மீமின் முடிச்சு, சின்ன ஹாவின் வளையம், லாமும் அலிஃபும் பின்னிய வடிவம், இவை எல்லாம் கையில் கிடைத்த பிடிமானங்கள்.

அப்புறம் சொல்லின் வால். நூனும் யாவும் பெரிய காஃபும் கடைசியில் மட்டும்தான் வேடத்தைக் கலைக்கும். பல பன்மைச் சொற்களும் வினைகளும் நூனில் முடிவதால் அந்தக் கிண்ணம் நிறையச் சொல்லும்.

பல்லை எண்ணுவது தனிக் கலை. மூன்று பல் ஒரே உயரத்தில் நெருக்கமாக இருந்தால் ஸீன் அல்லது ஷீன் என்று சந்தேகப்படுங்கள். நல்ல எழுத்தர் இரண்டு மூன்று தனிப்பல் அடுத்தடுத்து வரும்போது ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்திக் காட்டியிருப்பார். அவசரக்காரர் அதையும் செய்திருக்க மாட்டார்.

இடைவெளியை மட்டும் நம்பாதீர்கள். அலிஃப், தால், புள்ளித் தால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் இடப்பக்கம் ஒட்டாது. பழைய ஏடுகளில் இந்த எழுத்துக்குப் பின்னால் விழும் இடைவெளியும் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியும் ஒரே அளவு. வரி முடிவில் இடம் போதாவிட்டால் சொல்லை அந்த ஒட்டாத எழுத்தில் உடைத்து, மீதியைக் கூச்சமில்லாமல் அடுத்த வரியில் போட்டிருப்பார்கள். இணைப்புக்குறி ஒன்றும் இருக்காது.

ஐந்தாம் படி: ஒரு கல்வெட்டை வாசித்துப் பார்ப்போம்

சவூதி அரேபியாவில் அல்-ஹிஜ்ர் பக்கம், பழைய பயணப் பாதை ஓரம் ஒரு பாறையில் ஸுஹைர் என்பவர் பொறித்து வைத்த சில சொற்கள் இருக்கின்றன. ஹிஜ்ரி 24, கி.பி. 644. யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உண்மையில் இதில் சில எழுத்துக்குப் புள்ளி உண்டு. பயிற்சிக்காகப் புள்ளியே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பிஸ்மில்லாஹ், அது தெரிந்த முகம். அடுத்து அலிஃப், பல், அலிஃப். 'அனா', அதாவது நான். நான் என்று ஒருவர் தொடங்கினால் அடுத்து வருவது பெரும்பாலும் பெயர். ரா அல்லது ஸாய், சின்ன ஹா, பல், ரா அல்லது ஸாய். ஸுஹைர் என்ற பெயர் அரபு உலகம் நன்கறிந்தது, அப்படியே பொருந்துகிறது.

அடுத்த சொல்: சின்ன காஃப், பல், பல், படகு. மீண்டும் அந்த 75! ஆனால் 'நான் ஸுஹைர்' என்று பாறையில் வெட்டியவர் அடுத்து என்ன சொல்வார்? 'கதப்து', எழுதினேன். கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

பிறகு ரா அல்லது ஸாய், மீம், நூன். அலிஃபைச் செருகிப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, செருகினால் 'ரும்மான்' கிடைக்கும், மாதுளம்பழம். செருகாவிட்டால் 'ஸமன்', காலம். அவசரப்பட வேண்டாம், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். பல், வாவ், ஃபா அல்லது காஃபின் வளையம், கடைசி யா. அதையடுத்து ஐன், மீம், ரா. ஒருவர் இறந்தார் என்பதற்கு வழக்கமான சொல் 'துவுஃப்பிய'. 'உமர் இறந்த காலத்தில்' என்று வாக்கியம் எழுந்து நிற்கிறது. மாதுளம்பழத்துக்கு வேலையில்லை.

அந்தப் பெயர் உமர்தானா, 'அம்ர்' ஆக இருக்கக்கூடாதா என்று கேட்டால் நல்ல கேள்வி. இரண்டுக்கும் அதே மூன்றெழுத்து. ஆனால் அம்ர் என்ற பெயருக்கு மட்டும் கடைசியில் ஒலிக்காத ஒரு வாவ் போடுவது அரபு வழக்கம். நபதேயர்கள் ஆள்பெயரின் முடிவில் வாவ் சேர்த்து எழுதியதன் மிச்சம் அது. இன்றைய செய்தித்தாளிலும் அம்ருக்கு அந்த வாவ் உண்டு. இங்கே வாவ் இல்லை, ஆகவே உமர். கடைசியாக 'நான்கும் இருபதும் ஆண்டில்' என்று வருகிறது. கலீஃபா உமர் இறந்த காலத்தோடு அது இசைகிறது.

கவனித்தீர்களா, எந்த இடத்திலும் நாம் ஓர் எழுத்தை மட்டும் தனியாக வைத்து முடிவு செய்யவில்லை.

ஆறாம் படி: இலக்கணத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்

அரபுச் சொல் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரிலிருந்து, குறிப்பிட்ட சில வார்ப்புகளில் வருவது. வேர் தெரிந்தால் பல்லின் அடையாளம் தெரியும். ஆனால் ஓர் இடத்தில் இலக்கணமே கைவிரிக்கும். 'யக்துபு' அவன் எழுதுகிறான், 'தக்துபு' அவள் எழுதுகிறாள் அல்லது நீ எழுதுகிறாய், 'நக்துபு' நாங்கள் எழுதுகிறோம். முதல் எழுத்து யா, தா, நூன், அதாவது பல், பல், பல். எழுதுவது யார் என்பதை அந்தச் சொல் சொல்லாது. முன்னால் ஓடிவந்த வாக்கியத்தில் யாரைப் பற்றிய பேச்சு என்று பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். இங்கே நான் இன்னமும் தடுக்கி விழுகிறேன்.

சில இடங்களில் சூழலும் தீர்க்காது, இரண்டுமே பொருந்தும். 49ஆம் சூரா 6ஆம் வசனத்தில், ஒரு தீயவன் செய்தி கொண்டுவந்தால் 'ஃபதபய்யனூ', தெளிவாக விசாரியுங்கள், என்று ஒரு மரபு. 'ஃபதஸப்பதூ', நிதானித்து உறுதிசெய்யுங்கள், என்று இன்னொரு மரபு. ரஸ்ம் ஒன்றே. 2ஆம் சூரா 259இல் எலும்புகளை 'நுன்ஷிஸுஹா' (உயர்த்திச் சேர்க்கிறோம்) என்றும் 'நுன்ஷிருஹா' (உயிர்ப்பிக்கிறோம்) என்றும் ஓதுவதற்கு நடுவே நிற்பது ஸாயின் ஒரு புள்ளி. இரண்டும் ஆசிரியர்–மாணவர் தொடர்ச்சியாக வாய்வழி வந்த, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓதல்கள். ஒன்று சரி, மற்றது பிழை என்று ஏட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கிளம்பாதீர்கள்.

புள்ளிக் குளறுபடியால் வரும் பிழைக்கு அரபியில் 'தஸ்ஹீஃப்' என்று தனிப் பெயரே உண்டு, அதைப் பற்றித் தனி நூல்களும் எழுதியிருக்கிறார்கள். பிரபலமான கதை ஒன்று: குர்ஆன் ஓதல் ஆசான்களில் ஒருவரான ஹம்ஸா அஸ்-ஸய்யாத் சிறு வயதில், ஆசிரியர் இல்லாமல் ஏட்டைப் பார்த்தே ஓதியபோது, 'இந்த வேதத்தில் ஐயம் இல்லை' என்பதை 'எண்ணெய் இல்லை' என்று ஓதிவிட்டாராம். 'ரைப்' ஐயம், 'ஸைத்' எண்ணெய், இரண்டுக்கும் ஒரே எலும்புக்கூடு. ஸய்யாத் என்றால் எண்ணெய் வியாபாரி! பெயரை வைத்து யாரோ கட்டிவிட்ட கிண்டல் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஏட்டை மட்டும் நம்பாதே என்று பாடம் சொல்ல அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு நன்றாகப் பயன்பட்டிருக்கும்.

ஏழாம் படி: உண்மையான ஏட்டைத் திறங்கள்

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது பர்மிங்ஹாம் ஏடு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள இரண்டே தாள், 2015இல் உலகச் செய்தியானது. 18, 19, 20ஆம் சூராக்களின் பகுதிகள் அதில் இருக்கின்றன. தோலை ரேடியோ கார்பன் முறையில் ஆய்ந்து 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்றார்கள். அது ஆட்டுத்தோலின் வயது, மையின் வயது அல்ல என்பதை நினைவில் வையுங்கள். படம் இணையத்தில் கிடைக்கிறது. 19 முடிந்து 20 தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். பிஸ்மி இருக்கும். அதற்குப் பின் 'தா ஹா' என்ற இரண்டே எழுத்து. தோவின் வடிவத்தையும் சின்ன ஹாவையும் வேறெதாகவும் தவறாக நினைக்க வழியே இல்லை. அங்கிருந்து பக்கத்தில் அச்சுக் குர்ஆனை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக நகருங்கள்.

அந்த எழுத்தின் சாய்வு முதலில் கண்ணை உறுத்தும். ஹிஜாஸி என்ற அந்த வகையில் அலிஃபும் லாமும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும், அலிஃபின் அடி சற்றே வளைந்திருக்கும். கடைசி யா சில நேரம் பின்னோக்கித் திரும்பி, சொல்லின் அடியில் வலப்பக்கமாக நீண்ட கோடாக ஓடும். அதை அடிக்கோடு என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் வந்த கூஃபி வகையில் எல்லாம் நிமிர்ந்து கட்டடம் போல நிற்கும், ஆனால் தாலும் சின்ன காஃபும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஜெருசலேமில் பாறைக் குவிமாடத்தின் உள்ளே ஓடும் ஹிஜ்ரி 72ஆம் ஆண்டு மொசைக் வரிகள், நிமிர்ந்த எழுத்துக்கு அருமையான பயிற்சி.

இந்தப் பழைய ஏடுகளிலும் ஆங்காங்கே புள்ளி தென்படும். வட்டப் புள்ளியாக இருக்காது, பேனா முனையால் இழுத்த சிறு கீற்று. புள்ளி முறையை ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் காலத்தில்தான் கண்டுபிடித்தார்கள் என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஹஜ்ஜாஜ் அந்தப் பதவிக்கு வந்தது 694இல். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சீட்டு இருக்கிறது, ஹிஜ்ரி 22, கி.பி. 643. எகிப்தில் படைக்காக 65 ஆடு வாங்கியதற்கான ரசீது, கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதியது. அதில் ஜீம், கா, புள்ளித் தால், ஸாய், ஷீன், நூன் ஆகியவற்றுக்குச் சில இடங்களில் புள்ளி வைத்திருக்கிறார்கள். ஆக, புள்ளி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வைத்தார்கள். பிற்காலத்தில்கூட, படித்த மனிதருக்கு எழுதும் கடிதத்தில் புள்ளியை வாரி இறைப்பது அவருடைய அறிவைச் சந்தேகிப்பது போல என்று எழுத்தர்கள் கருதினார்கள். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதையும் தயங்காமல் வாசித்த புலவர்கள் இருந்தார்கள்தானே.

எழுதி வைக்கும் முறை

பார்த்ததைப் படியெடுக்கும்போது எப்போதும் இரண்டு வரி எழுதுங்கள். மேல் வரியில் ஏட்டில் உள்ளது உள்ளபடி, புள்ளி இருந்த இடத்தில் மட்டும் புள்ளி. கீழ் வரியில் உங்கள் வாசிப்பு, புள்ளியோடும் உயிர்க்குறியோடும். இரண்டையும் கலந்து எழுதிவிட்டால் ஒரு மாதம் கழித்து எது எழுத்தர் வைத்த புள்ளி, எது நீங்கள் வைத்தது என்று உங்களுக்கே தெரியாது. உறுதியில்லாத சொல்லுக்குக் கீழே இன்னொரு வாய்ப்பையும் சிறிதாக எழுதி வையுங்கள்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. கூஃபி குர்ஆன்களில் சிவப்பு நிறத்தில் வட்டப் புள்ளிகள் கண்டால், அவை எழுத்தின் புள்ளி அல்ல, உயிர்க்குறி. பஸ்ராவின் அபுல் அஸ்வத் அத்-துஅலீ தொடங்கியதாக மரபு சொல்லும் முறை அது: எழுத்துக்கு மேலே இருந்தால் 'அ', கீழே இருந்தால் 'இ', பக்கத்தில் இருந்தால் 'உ', இரட்டையாக இருந்தால் தன்வீன், அதாவது சொல் முடிவில் வரும் 'ன்' ஒலி. நாம் ஓதும் ஜபர், ஜேர், பேஷ் வடிவங்கள் 8ஆம் நூற்றாண்டில் இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மத் அமைத்ததாகச் சொல்லப்படுபவை. ஆகவே வாசிக்கும்போது முதலில் கறுப்பு மையை மட்டும் பாருங்கள், சிவப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, வளையத்தின்மேல் ஒற்றைப் புள்ளி கண்டதும் ஃபா என்று எழுதிவிடாதீர்கள். மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்து எழுத்தில் மேலே ஒரு புள்ளி என்றால் பெரிய காஃப், ஃபாவுக்குப் புள்ளி கீழே. ஏடு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.